கமராவுக்கு வைத்த பொட்டு

அத்தியாயம் பதினொன்று

நாளை லோஜினியின் ஆண்டுத் திவசம். மாலை போட அவள் படம் ஒன்று வீட்டில் இல்லை.

ஹட்டனில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் எத்தனையோ சுவர்களில் தொங்குவது என் மனைவி எடுத்த படம்தான். எல்லாரும் போனை நீட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவள் பிலிம் கமராவோடு தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போனாள். ஒரு குடும்பத்துக்கு ஒரே ஒரு படம். கறுப்பு வெள்ளை. எங்கள் குளியலறையை இருட்டாக்கி, அங்கேயே கழுவி, தாளில் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு வருவாள். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் இளைஞர்கள் தங்கள் பிலிம்களைத் தபாலில் அனுப்பி அவளிடம் கழுவிக்கொண்டார்கள். அந்தப் பொதிகள் இன்னமும் வருகின்றன. நான் பிரிப்பதில்லை.

அவளை யாரும் எடுக்கவில்லை. போனைத் தூக்கினால் உள்ளங்கையால் முகத்தை மறைப்பாள். மிஞ்சியது அடையாள அட்டையின் சின்னப் படமும் கல்யாண அல்பமும். அல்பத்தில் இருப்பது பூச்சுக்குள் வேறு யாரோ.

போன தீபாவளிக்கு டயகமவில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனாள். காய்ச்சலோடு வந்தாள். அந்த மாதமே போய்விட்டாள். கமரா டயகமவில் தங்கிவிட்டது, உள்ளே பாதி எடுத்த பிலிமோடு. கொண்டுவரவா என்று அவள் அம்மா, என் அத்தை, பல முறை கேட்டார். இருக்கட்டும் என்றேன். கழுவாத வரைக்கும் அவளிடமிருந்து எனக்கு வரவேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. கழுவினால் அதுவும் முடிந்துவிடும்.

இன்று அத்தை கேட்காமலே கொண்டுவந்துவிட்டார்.

* * *

காலை பஸ்ஸில் வந்திறங்கினார். ஒரு கையில் வாழைக்குலை, மறு கையில் துணிப் பை. பேச்சியம்மா என்ற பெயரை நான் வாயால் சொன்னதில்லை. அத்தைதான். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். படி ஏறினால் இன்னமும் முன்னால் சாய்ந்துதான் ஏறுவார், முதுகில் கூடை இருப்பதுபோல.

"சாப்பிட்டீங்களா மாப்புள்ள?"

"ஆச்சு."

"என்னத்த ஆச்சு? அடுப்பு குளுந்து கெடக்கு."

பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கருவேப்பிலை. ஒரு சரை தேயிலைத் தூள். சந்தனக் கட்டை. கடைசியாக ஒரு பழைய சேலைத் துண்டு. அவிழ்த்தார். கமரா.

அதன் நெற்றியில் காய்ந்த சந்தனமும் நடுவில் குங்குமமும் இருந்தன.

நான் எடுக்கவில்லை. பார்த்தேன். அத்தையும் அதை என் பக்கம் தள்ளவில்லை. மேசை நடுவில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

* * *

மதியத்துக்கு முன்னால் சுலக்ஷனா வந்தாள். லோஜினியின் தங்கை. பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள டிஜிட்டல் ஸ்டூடியோவில் வேலை. அடையாள அட்டைப் படம், கல்யாண பேனர், மரண அறிவித்தல் எல்லாம் அவள் கையால்தான் போகும். தாளில் சுற்றிய பெரிய பிரேமை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, கையத் தொடச்சிட்டு வாங்க. அத்தான், நீங்களும்."

தாளைப் பிரித்தாள்.

அரக்குப் பட்டுச் சேலை. கழுத்தில் அட்டியல். பின்னால் நீல வானமும் மேகமும். நடுவில் லோஜினியின் முகம், வெள்ளையாக, ஒரு கோடு இல்லாமல். அடையாள அட்டைப் படத்திலிருந்து எடுத்திருந்தாள். தாடையில் இருந்த தழும்பு இல்லை.

அத்தை வெகுநேரம் பார்த்தார்.

"யாரும்மா இது?"

"என்னம்மா கேள்வி இது? அக்காதான்."

"நம்ம வீட்ல யாரு இந்த நெறம்?"

"எல்லாருக்கும் கொஞ்சம் வெளுப்பாக்கித்தாம்மா குடுக்கிறது. இல்லாட்டி திருப்பிக் கொண்டாந்துருவாங்க."

"சேல?"

"அது... கம்ப்யூட்டர்ல இருக்கிறது."

"அப்ப வேற ஒருத்தி கட்டுன சேல."

சுலக்ஷனாவின் முகம் சுருங்கியது. "ஒரு நிமிசத்துல செஞ்சேன்னு நெனச்சீங்களா? அந்தச் சின்னப் படத்தப் பெரிசாக்கி, அவ கண்ண மட்டும் எத்தன தரம்... கடையில ஆள் இருக்குன்னு அழக்கூட முடியல எனக்கு. கல்யாணத்துக்கு அப்பறம் பட்டுச்சேல கட்டி ஒரு நாள் பாத்தீங்களா அவள? நான் கட்டி விட்டேன். அவ்வளவுதான்."

அத்தை மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். படத்தைத் திருப்பிச் சுவர் பக்கம் வைத்தார்.

பிறகு என்னைப் பார்த்தார்.

"மாப்புள்ள, அந்தப் பெட்டிக்குள்ள இருக்குறதக் கழுவிக் குடுங்க."

"அதுல அவ இல்ல அத்தை. அவ எடுத்ததுதான் இருக்கும்."

"இருக்கா. நான் எடுத்தேன்."

நானும் சுலக்ஷனாவும் நிமிர்ந்தோம்.

"தீவாளி அன்னிக்கு. காலையில தலைக்கு எண்ண வச்சி ஒக்காத்தி வச்சிருந்தேன். என் பழஞ்சேலையச் சுத்திக்கிட்டு, பொட்டு இல்லாம, எண்ண வழியுது. 'இப்ப நீங்க என்னிய எடுங்கம்மா'ன்னு பெட்டியக் கையில குடுத்துட்டா. எனக்கு எங்க தெரியும்? 'இந்த ஓட்டையில பாத்து இத அமுக்குங்க'ன்னா. அமுக்குனேன். சிரிச்சா. ஒருக்காத்தான். அதுதான் கடைசி, அப்பறம் பெட்டிய வாங்கிக்கிட்டா."

சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு அத வையுங்க மாப்புள்ள. அதுல என் புள்ள இருக்கா."

நான் கமராவை எடுத்தேன்.

* * *

பிலிமை முதலில் அதன் கூட்டுக்குள் திரும்பச் சுற்றவேண்டும். கைப்பிடியைத் திருப்பினேன். ஓரிடத்தில் பிடித்தது. மெல்ல இழுத்தேன். விட்டது. கடைசிச் சுற்று தளர்ந்ததும் பின் மூடியைத் திறந்தேன்.

மூடியின் உட்பக்கத்தில், பிலிம் முதுகு சாய்ந்து கிடக்கும் அந்தத் தகட்டின் நடுவில், இன்னொரு பொட்டு. சந்தனம், குங்குமம். காய்ந்து வெடித்திருந்தது.

கேட்டேன். குரலை உயர்த்தவில்லை.

"இத எப்ப வச்சீங்க அத்தை?"

"இந்த வருசம் ஆயுத பூசைக்குத்தான். அவ தொழில் சாமானாச்சே, வைக்காம விடலாமா? தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்திக்கு ரெண்டு பக்கமும் வைப்போம்ல. அது மாதிரி இதுக்கும் வெளிய ஒன்னு, உள்ள ஒன்னு."

"தொறந்தே வச்சிருந்தீங்களா?"

"கற்பூரம் காட்டி முடியிற வரைக்கும். அப்பறம் மூடிட்டேன். பத்திரமா இருக்குல்ல?"

"ம்."

சுலக்ஷனா என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அக்காவிடம் கற்றவள்.

பிலிம் இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது. எடுத்த படங்கள் உள்ளே சுருண்டு கிடக்கும். முதலில் எடுத்தது அடியில், கடைசியில் எடுத்தது மேலே. வெளிச்சம் மேலிருந்து தின்றுகொண்டு போகும். அடியில் கிடப்பது தப்பலாம். மேலே கிடப்பது தப்பாது.

அத்தை எடுத்தது கடைசிப் படம்.

அவர் அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். "தேத்தண்ணி ஊத்தவா?"

"நல்லாச் சாயமா ஊத்துங்க அத்தை. நீங்க கொண்டாந்த தூள் முழுக்கப் போடுங்க."

"மனுசருக்கா, படத்துக்கா?"

"படத்துக்கு. சீனி போட்டுறாதீங்க."

அத்தை சிரித்துவிட்டார். வந்ததிலிருந்து முதல் தடவை.

நாட்டுக்குள் பிலிம் கழுவும் மருந்து வராமல் நின்ற காலத்தில் லோஜினி கண்டுபிடித்த வழி அது. தேயிலைச் சாயம், சலவைச் சோடா, விற்றமின் சி மாத்திரை. அந்தக் கலவை பிலிமில் படத்தை எழுப்பும். கொஞ்சம் மங்கல், கொஞ்சம் கறை. ஆனால் எழும். கழுவுவது அவள். கதவுக்கு வெளியே நின்று நேரம் சொல்வது நான். தனியாக நான் ஒரு பிலிமையும் கழுவியதில்லை.

* * *

குளியலறை ஜன்னலில் அவள் அடித்த கறுப்பு றெக்சின் அப்படியே இருந்தது. கதவைச் சாத்தினேன். கீழ் இடுக்கில் துவாயைத் திணித்தேன். இருட்டு.

பிலிமைக் கூட்டிலிருந்து எடுத்து, கையால் தடவி, சக்கரத்தில் ஏற்றவேண்டும். பிறகு டப்பாவுக்குள் வைத்து மூடவேண்டும். அதுவரை வெளிச்சம் கூடாது. நுனி ஏறவில்லை. மறுபடி முயன்றேன்.

"அத்தான்." கதவுக்கு வெளியே சுலக்ஷனா. மெல்லிய குரல்.

"சொல்லு."

"அது போயிருக்கும்ல?"

"தெரியல."

"எனக்குத் தெரியும். கற்பூரம் காட்டியிருக்காங்க அத்தான், பிலிமுக்கு." சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். பிறகு, "ஒன்னு சொல்றேன், கோவிக்காதீங்க. எங்க கடைக் கம்ப்யூட்டர்ல இப்ப ஒன்னு இருக்கு. எழுதிக் குடுத்தாப் போதும், படம் செஞ்சி தரும். எண்ண வச்ச தல, பழஞ்சேல, பொட்டு இல்ல, சிரிப்பு. அம்மா சொன்னத அப்படியே குடுத்து, கறுப்பு வெள்ளையா எடுத்துட்டு வந்துர்றேன். தழும்பும் வச்சிர்றேன்."

பிலிம் ஒரு பல்லில் ஏறியது.

"அம்மாவுக்குத் தெரிய வராது அத்தான்."

"தெரிய வராது."

"அப்பறம் என்ன?"

"அது அத்தை எடுத்ததா இருக்காதே."

"அவங்க செத்துப்போற வரைக்கும் தான்தான் அழிச்சோம்னு நெனச்சிக்கிட்டு இருக்கணுமா? நீங்க பிலிமக் காப்பாத்துறீங்க. நான் அம்மாவக் காப்பாத்தப் பாக்கிறேன்."

சக்கரத்தைத் திருப்பினேன். இந்தத் தடவை பிலிம் வழுக்கிக்கொண்டு ஏறியது. நடுவில் ஓரிடத்தில் முதுகுப் பக்கம் விரலுக்குச் சொரசொரவென்று பட்டது. சந்தனம்.

* * *

டப்பாவை அடுப்படி மேசையில் வைத்தேன். ஆறிய சாயத்தில் சோடாவும் மாத்திரைத் தூளும் கரைத்து ஊற்றினேன். நாற்றம் எழுந்தது. அத்தை மூக்கைச் சுளித்தார்.

"இந்த நாத்தத்துக்குத்தான் அவள, என் வீட்ல வச்சிச் செய்யாத, ஹட்டன்லயே செய்னு வெரட்டுவேன்."

சுலக்ஷனா போனில் நேரம் பார்த்தாள். "திருப்புங்க."

திருப்பினேன்.

"திருப்புங்க."

என் வேலையை அவள் செய்தாள். லோஜினியின் வேலையை நான். அத்தை முக்காலியில் உட்கார்ந்து, பிரசவ அறைக்கு வெளியே இருப்பவர்போல டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மலைப்பக்கம் மூடுபனி இறங்கியது.

சாயத்தைக் கொட்டினேன். பிலிமில் படத்தை நிலைக்கவைக்கும் மருந்து ஒரு போத்தலில் மிஞ்சியிருந்தது. லேபலில் அவள் கையெழுத்து. அதை ஊற்றினேன். தண்ணீரில் அலசினேன். மூடியைத் திறந்தேன்.

பிலிமின் நடுப்பகுதியைத்தான் முதலில் பார்த்தேன். கறுப்பு. ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் கோடுகூட இல்லாத முழுக் கறுப்பு.

சுலக்ஷனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் கறுப்பைத் தாண்டி உள்பக்கம் போனேன். கறுப்பு சாம்பலாயிற்று. பிலிமின் ஓரத் துளைகள் ஏணிப்படிபோல நிழல் விழுத்தியிருந்தன. அந்த ஏணிக்கு உள்ளே ஏதோ இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

சாய்ந்த படம். வாசல் நிலை ஒரு பக்கம் சரிகிறது. கீழே பெரிய விரல் ஒன்று பாதியை மறைக்கிறது. இடது பக்கம் எரிந்து கறுப்பு. மிச்சத்தில் ஒரு பெண். எண்ணெய் படிந்த தலை. தோளில் சுற்றிய சேலை. கமராவைத் திருப்பி வாங்க நீட்டிய கை. திறந்த வாய்.

லோஜினி.

அத்தை எடுத்தது கடைசிப் படமில்லை. அவருக்குத் தெரியாமல் லோஜினி அதற்குப் பிறகும் எடுத்திருக்கிறாள். சில படங்கள். அடுப்பையோ, அம்மாவின் முதுகையோ, வாசலையோ. அவள் கடைசியாகப் பார்த்து நிறுத்தியவை. அவை மேலே கிடந்து எரிந்து, இதை மூடிக் காப்பாற்றியிருக்கின்றன.

அவை எவை என்று இனி யாருக்கும் தெரியாது.

"வந்திருக்கு அத்தை," என்றேன்.

* * *

லோஜினியின் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்தேன். அத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். நான் பிலிமை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்திருந்தேன்.

கண்ணாடியை மெல்ல நகர்த்தினார்.

"தல நரச்சிருக்கு," என்றார்.

சுலக்ஷனா பக்கத்தில் வந்தாள். "அம்மா, இது நெகட்டிவ். இதுல கறுப்பு வெள்ளையாத் தெரியும், வெள்ள கறுப்பாத் தெரியும். அத்தான் பிரிண்ட் போட்டா முடி கறுப்பாயிரும்."

அத்தை கண்ணை எடுக்கவில்லை.

"மொகம் கறுத்து, தல வெளுத்து. என்ன மாதிரி." அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இருந்திருந்தா இப்படித்தான ஆயிருப்பா. நான் பாக்க மாட்டேன்னு நெனச்சேன். பாத்துட்டேன்."

நான் அவரைப் பார்க்கத் திரும்பினேன். பிலிமும் ஆடியது.

"பிடிங்க மாப்புள்ள, அசைக்காதீங்க."

பிடித்தேன்.

"இந்தப் பக்கம் கறுப்பா இருக்கே, அது என்ன?"

சுலக்ஷனா எனக்குப் பின்னால் நின்றாள். அவள் மூச்சு என் தோளில் பட்டது. வேண்டாம் என்று அவள் தலையசைப்பது ஜன்னல் கண்ணாடியில் தெரிந்தது.

"அது வெளிச்சம் அத்தை. இதுல வெளிச்சம் கறுப்பாத்தான் விழும்."

"எந்த வெளிச்சம்?"

பொய் ஒன்று பக்கத்திலேயே இருந்தது. எடுக்கவில்லை.

"நீங்க காட்டுன கற்பூரம்."

அத்தை கண்ணாடியை இறக்கினார். என்னைப் பார்த்தார். மேசையில் திறந்து கிடந்த கமராவைப் பார்த்தார். அதன் உள்ளே இருந்த பொட்டைப் பார்த்தார். நான் அவருக்கு எதையும் விளக்கவேண்டி இருக்கவில்லை.

சேலைத் தலைப்பை விரலில் சுற்றி, நாக்கில் தொட்டு ஈரமாக்கி, அந்தக் கறுப்பைத் துடைக்கப் போனார். குழந்தையின் கன்னத்தில் மையைத் துடைப்பதுபோல.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணத்தன்று ஆசீர்வாதம் வாங்கியபோது தொட்ட கை. பிறகு தொட்டதில்லை. விரல்களில் கொழுந்துக் கறை கோடு கோடாக இருந்தது.

"போகாது அத்தை. ஈரம் பட்டா மிச்சமும் போயிரும்."

"அப்ப தொடல." கையை இழுத்துக்கொண்டார். "இருக்குறது இருக்கட்டும்."

அவர் அழவில்லை. அழுதது சுலக்ஷனா.

"பிரிண்ட் போட வேணாம் மாப்புள்ள. இத இப்படியே வையுங்க. இந்த நரச்ச தலையோட."

எப்படி வைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, சுலக்ஷனா மூக்கை உறிஞ்சிவிட்டு, சுவர் பக்கம் திருப்பி வைத்திருந்த பிரேமை எடுத்து வந்தாள். பின்னால் இருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினாள். பட்டுச் சேலைப் படத்தை வெளியே எடுத்து, மடிக்காமல் சுருட்டித் தன் பைக்குள் வைத்தாள்.

"கண்ணாடிய ரெண்டா வெட்டித் தாறேன். நடுவுல பிலிம வச்சி, ஜன்னல் பக்கத்துல வைங்க. பின்னால வெளிச்சம் வரணும்." பிறகு, என்னைப் பார்க்காமல், "அந்தப் பொதிகளையும் பிரிச்சிப் பாருங்க அத்தான். அதுக்குள்ளயும் யாரோட அம்மாவோ எடுத்தது இருக்கும்."

அத்தை சந்தனக் கட்டையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். "பொட்டு கண்ணாடிக்கு மேலதான் வைப்பேன்," என்றார் போகும்போது. "பயப்படாதீங்க."

* * *

பிலிம் காய்வதற்குக் கொடியில் கிளிப் போட்டேன். கீழே இன்னொரு கிளிப், சுருளாமல் இருக்க. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து உள்ளே, ஆரம்பத்தை நோக்கிப் போனேன். எரியாத படங்கள். லயத்துக் கோடியில் துணி உலர்த்தும் பெண். மலையூற்றுத் தண்ணீர் விழும் பீலி. வெற்றிலை இடிக்கும் கிழவர். அவள் எடுப்பதுபோலவே, நேராக, அளவாக.

பிலிமின் முதல் படத்தில் நின்றேன்.

லோஜினி. முழுதாக. தெளிவாக. கையால் முகத்தை மறைக்கவில்லை. கமராவை நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள். பின்னால் மலைச்சரிவில் இறங்கும் பெரிய குழாய்கள். பொல்பிட்டிய மின்நிலையத்தின் குழாய்கள். அவள் பொல்பிட்டியவுக்குப் போனதாக என்னிடம் சொன்னதே இல்லை.

"சுலக்ஷனா."

அவள் வந்து குனிந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. "அய்யோ அத்தான்! இவ்வளவு நல்ல படம்! இதையே வச்சிரலாமே..." பிறகு நிறுத்திக்கொண்டாள். "இது நீங்க எடுத்ததா?"

"இல்ல."

"நானும் இல்ல."

மறுபடி குனிந்து பார்த்தேன். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அதை அவள் வேறு யாருக்கும் கொடுத்ததில்லை என்று நினைத்திருந்தேன்.

அடுப்படியில் அத்தை சந்தனம் அரைக்கும் சத்தம் கேட்டது. கல்லில் கட்டை நிதானமாகப் போய் வந்தது.

படத்தின் அடியில், லோஜினியின் கால்களுக்கு முன்னால், எடுத்தவரின் நிழல் விழுந்திருந்தது. நெகட்டிவ்வில் அது வெள்ளையாக இருந்தது.